ஒரே அளவுப் பாலிமர் மணிகள்

திரவத் துளிகளை ஒரே பருமனில் உண்டாக்கி, உருவம் குலையாமல் இறுகச்செய்து பெறப்படும் சிறு கோளங்கள். கடினநீரை மென்னீராக்கும் கருவிகளில் உள்ள பொன்னிற ரெசின் மணிகள் நன்கு அறிமுகமான எடுத்துக்காட்டு.

பழைய முறை எளியது. ஸ்டைரீன், சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் டைவினைல்பென்சீன், வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடு மூன்றையும் சேர்த்து, நீரில் ஊற்றிக் கலக்கிச் சூடாக்கினால் ஒவ்வொரு துளியும் ஒரு மணியாகும். ஆனால் கலக்கியின் அலகருகே துளிகள் பொடிப்பொடியாகும். தள்ளிப்போகப்போகப் பெரிதாகவே நிற்கும். சுமார் 0.3 மி.மீ. முதல் 1.2 மி.மீ. வரை எல்லா அளவும் கலந்து வரும். சலித்தால் பெரும்பகுதி கழிவு.

துளி பிறக்கும்போதே அளவை நிர்ணயிப்பது தாரை முறை. குழாயை லேசாகத் திறந்தால் இறங்கும் நீர்க்கம்பி சற்றுக் கீழே முத்துமுத்தாக அறுபடும். பெல்ஜிய இயற்பியலர் பிளாட்டோ ஆராய்ந்த இந்நிகழ்வுக்கு 1878இல் ரேலி பிரபு கணக்கு வகுத்தார்: தாரையின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 4.5 மடங்கு நீளமுள்ள அலையே மிக விரைவாக வளர்ந்து அதை அறுக்கும். அதற்கேற்ற அதிர்வெண்ணில் தாரையை அதிரவைத்தால் அதிர்வுக்கு ஒரு துளி. துளியின் விட்டம் தாரையினுடையதைப் போல் சுமார் 1.9 மடங்கு. காற்றில் பாயும் பாகுத்தன்மையற்ற தாரைக்கு உரிய எண்கள் இவை. நீருக்குள் பாயும் ஸ்டைரீனுக்கு மாறும். நுண்துளைத் தகட்டையும் அதிர்வையும் கொண்டு ரெசின் மணி செய்யும் முறைக்கு டௌ கெமிக்கல் 1980களில் காப்புரிமை பெற்றது.

துளியைப் பெறுவதைவிடக் காப்பது கடினம். ஸ்டைரீனின் அடர்த்தி 0.91, பாலிஸ்டைரீனுடையது 1.05. மிதப்பதாகத் தொடங்கும் துளி, பருமனில் ஏழில் ஒரு பங்கு சுருங்கி, மூழ்கும் மணியாக முடிகிறது. இடையில் பிசுபிசுத்த நிலையில் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நீரில் ஜெலட்டினோ பாலிவினைல் ஆல்கஹாலோ சேர்ப்பார்கள். கலக்குவதும் மென்மையாகவே.

மைக்ரான் அளவு மணிகளுக்கு வேறு வழி. மிதப்பதும் மூழ்குவதும் தொல்லை என்பதால் அமெரிக்கர்கள் 1982இல் எடையின்மை நிலவும் விண்ணோடத்திலேயே உலைவைத்தார்கள். அங்கு விளைந்த 10 மைக்ரான் கோளங்கள் 1985இல் அளவுத் தரப்பொருளாக விற்பனைக்கு வந்தன. நார்வேயின் டிரான்ட்ஹெய்மில் ஜான் உகெல்ஸ்டாட் 1970களிலேயே தரையில் நின்று இதைச் சாதித்திருந்தார்: ஒரே அளவு விதைத்துகள்களை ஸ்டைரீன் குடிக்கவைத்து, உப்பிய துளிகளாக்கி இறுகச்செய்தார். காந்த இரும்பு ஆக்சைடு ஏற்றிய அவருடைய மணிகள் இன்று ரத்தத்திலிருந்து குறிப்பிட்ட செல்களைப் பிரித்தெடுக்கப் பயன்படுகின்றன.