மேடு பிரித்ததும் பள்ளம் பிரித்ததும்

பனாமாவில் கடலைப் பிரித்தது ஒரு மேடு. மேற்குத் தொடர்ச்சியில் மலையைப் பிரித்தது ஒரு பள்ளம். சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் எழும்பிப் பசிபிக்கையும் கரீபியனையும் துண்டித்தபோது, கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் ஆல்ஃபியஸ் இறால்கள் இருபுறமும் தங்கிவிட்டன. பாலக்காட்டுக் கணவாயின் வெக்கையோ, குளிர்ந்த சோலைக்காட்டை விட்டிறங்காத நீலநிறச் சிறு பறவையை நீலகிரிப் பக்கமும் ஆனைமலை-பழனிப் பக்கமுமாக நிறுத்திவைத்தது.

சூழல் வேறுபட்டால் உருவமும் வேறுபடும் என்றுதான் எதிர்பார்ப்போம். பனாமாவின் இரு கடல்களும் நன்றாகவே வேறுபட்டன: ஒருபுறம் பருவந்தோறும் ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்ந்த, ஊட்டமிக்க நீர், மறுபுறம் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த, தெளிந்த நீர். ஆனால் இருபுறத்து உறவு இறால்களை ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிரித்தறிவது கடினம். சோலையிலோ கணவாயின் இருபுறமும் ஏறக்குறைய அதே மூடுபனி, அதே குட்டை மரங்கள். பறவைகள்தாம் மாறிவிட்டன: நீலகிரிப் பறவைக்கு விலாவில் செம்பழுப்பு, பழனிப் பறவைக்கு வெள்ளை வயிறு. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இன்னொன்று. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன் உள்ளிட்ட குழுவினர் 2017இல் இவற்றைச் சோலிகோலா என்னும் தனிப் பேரினமாக்கினர்.

அப்படியானால் இறால்கள் மாறவில்லையா? நான்சி நோல்டனும் உடன் ஆய்வாளர்களும் இரு கடல்களின் ஆண்களையும் பெண்களையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். 1993இல் முடிவு வெளியானது. பெரும்பாலானவை கூடவில்லை, கொடுக்கைச் சொடுக்கிச் சண்டைக்கு நின்றன. நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது இறாலுக்கு அந்நியம். இனம் எது என்று தீர்மானிக்க நம் கண் அவ்வளவு நம்பத்தக்க சாட்சி அல்ல.

இறாலுக்கும் சோலைப் பறவைக்கும் நான் எதிர்பாராத உறவு ஒன்று காலக்கணக்கில் இருக்கிறது. ஒரே நிலப்பாலம் எல்லா இறால்களையும் ஒரே நாளில் பிரிக்கவில்லை. ஆழமான நீரில் வாழ்ந்தவை முன்னதாகவே பிரிந்தன. அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழ்ந்தவை, ஆழமற்ற கடைசி வாய்க்கால்கள் மூடும்வரை கலந்துகொண்டிருந்தன. பாலக்காட்டுக் கணவாயும் அப்படியே. அது இப்பறவைகளைவிட மிக மிகப் பழையது. பறவைகள் பிரிந்ததோ சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள். பள்ளம் மட்டும் பிரித்திருக்க முடியாது. தட்பவெப்பம் மாறி இடைநிலம் கடக்க முடியாததாக ஆகியிருக்க வேண்டும். அதே கணவாய்க்கு இருபுறமும் நீலகிரிக் காட்டுப்புறா இன்றும் ஒரே இனமாகத்தான் வாழ்கிறது. நல்ல சிறகுள்ள பறவைக்கு அது வெறும் பள்ளத்தாக்கு.

இன்று இரு இடத்திலும் மனிதன் கை வைத்திருக்கிறான், எதிரெதிர்த் திசையில். 1914இல் திறந்த பனாமா கால்வாய் மேட்டை வெட்டியது. ஆனால் நடுவே காத்தூன் ஏரியின் நன்னீர் கிடப்பதால் இறால்களுக்கு வழி திறக்கவில்லை. சோலைமலைகளிலோ தேயிலையும் அயல்மரத் தோட்டங்களும் மலைக்குள்ளேயே புது இடைவெளிகளை உண்டாக்கிவிட்டன. அவற்றின் தடம் இப்பறவைகளின் மரபணுவில் ஏற்கெனவே தெரிகிறது.