ப்ரூஜுக்கு இரண்டு நாள்

ப்ரூஜ் நகரத்துக்கு இரண்டு நாள் போய்வருவதென்று தீர்மானித்ததும் நான் முதலில் செய்த காரியம் தவறானது. ஜார்ஜ் ரோடன்பாக்கின் ‘இறந்த ப்ரூஜ்’ நாவலை எடுத்துவைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு பட்டியல் போட்டேன். ஜெபமாலைக் கரை, பெகின் மடம், மணிக்கூண்டு, சாயங்கால மழை. நவம்பர் கடைசி வாரமென்றால் கூட்டம் இருக்காது. நவம்பர் நடுவோடு கால்வாய்ப் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. செத்த நகரத்தில் படகுச் சவாரி எதற்கு?

நாவல் 1892இல் பாரிஸின் ‘ஃபிகாரோ’வில் தொடராக வந்தது. மனைவியை இழந்த யூக் வியான், தன் துக்கத்துக்குப் பொருத்தமான ஊர் என்று ப்ரூஜில் வந்து குடியேறுகிறான். மனைவியின் சாயலில் ஒரு நடனக்காரியைப் பார்க்கிறான். கடைசியில் செத்தவளின் பின்னலாலேயே இவளை நெரித்துக் கொல்கிறான். கதையாகப் பார்த்தால் கொஞ்சம் மிகைதான். ஆனால் நிஜமான பாத்திரம் நகரம். அதே வருஷம் புத்தகமானபோது இடையிடையே கால்வாய்கள், பாலங்கள், கரைவீடுகளின் புகைப்படங்களைச் சேர்த்தார்கள். படங்களில் மனிதர்கள் அநேகமாக இல்லை. அவை நாவலுக்காக எடுத்தவையும் அல்ல. காட்சிப் படங்கள் விற்கும் பிரெஞ்சுக் கம்பெனிகளின் இருப்பிலிருந்து பொறுக்கியவை. அதாவது யூக் வியானின் தனிமை, உல்லாசப் பயணிக்கென்று ஏற்கெனவே தயாராக இருந்த சரக்கிலிருந்து எடுக்கப்பட்டது. இது தெரிந்தபிறகு என் பட்டியலைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

ரோடன்பாக் ப்ரூஜ்காரருமல்ல. பிறந்தது டூர்னேயில், வளர்ந்தது கெண்டில், 1888 முதல் வாசம் பாரிஸில். தூரத்திலிருந்து ஒரு நகரத்துக்கு மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். ஐரோப்பாவே அதை ஏற்றுக்கொண்டது. 1920இல் கோர்ன்கோல்டின் இசைநாடகம் வந்தபோது அதன் பெயரே ‘செத்த நகரம்’.

எப்படிச் செத்தது என்று கேட்டால் வழிகாட்டிப் புத்தகங்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: கடல் விலகிப்போயிற்று. 1134ஆம் வருஷப் புயலுக்குப் பிறகு ஸ்வின் என்ற கடற்கழி உள்ளே வழி விட்டது. அதையொட்டி டாம் என்ற துணைத் துறைமுகம் எழுந்தது. அங்கிருந்து சரக்கு ப்ரூஜுக்கு வந்தது. ஆங்கிலேயக் கம்பளி, ஜெர்மானிய ஹன்ஸா வியாபாரிகள், இத்தாலிய வங்கிகள். வான் டெர் பர்ஸ் குடும்பத்துச் சத்திரத்தின் வாசலில் வியாபாரிகள் கூடியதிலிருந்துதான் பங்குச்சந்தைக்கு ‘பூர்ஸ்’ என்ற பெயர் வந்தது என்பார்கள். பிறகு மணல் மூடிற்று.

ஆனால் மணல் சும்மா வரவில்லை. கழியின் இரு பக்கமும் இருந்த உப்புச் சதுப்பை அணைகட்டி வளைத்து விளைநிலமாக்கிக்கொண்டே போனார்கள். கடல் ஏறும்போது பரவ இடம் குறைந்தது. பரவும் தண்ணீர் குறையவே, கடல் இறங்கும்போது திரும்பி ஓடும் வேகமும் குறைந்தது. வண்டலை அடித்துக்கொண்டு போகச் சக்தியில்லாமல் கழி தூர்ந்தது. கடலை விரட்டியவர்கள் கரைக்காரர்கள்தான். அரசியலும் சேர்ந்துகொண்டது. 1488இல் நகரத்தார் மாக்ஸிமிலியனைப் பிடித்துச் சில மாதம் சிறைவைத்தார்கள். வெளியே வந்தவன் அந்நிய வியாபாரிகளை ஆண்ட்வெர்ப்புக்குப் போகும்படி உத்தரவு போட்டான். (இந்தக் குற்றத்துக்குத் தண்டனையாகத்தான் நகரம் கால்வாய்களில் அன்னம் வளர்க்கிறது என்ற கதையை நான் நம்பவில்லை.)

நகரத்தில் ஆட்கள் மட்டும் சாகவில்லை, இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களில் பெரும் பகுதி தரும உதவியில் காலம் தள்ளியது. பெண்களும் சிறுமிகளும் அற்பக் கூலிக்கு லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். நாவலில் கேட்கும் மௌனத்துக்குப் பின்னால் இந்தக் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. நாவலில் அவற்றுக்கு இடமில்லை. இதை ரோடன்பாக்கின் குறை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அந்த மௌனத்தை விரும்பித்தானே நானும் நவம்பரைத் தேர்ந்தெடுத்தேன்?

ஊர்க்காரர்களுக்கு வேண்டியிருந்தது துறைமுகம். கடலோரத்தில் ஒன்று கட்டிக் கால்வாயால் நகரத்தோடு இணைக்கும் திட்டத்துக்காக அவர்கள் மன்றாடிக்கொண்டிருந்த காலத்தில்தான் நாவல் வந்தது. 1897இல் ரோடன்பாக் ‘மணியடிப்பவன்’ என்று இன்னொரு நாவல் எழுதினார். அதன் நாயகன் நகரத்தின் அழகுக்காகத் துறைமுகத் திட்டத்தை எதிர்த்துத் தோற்று, மணிக்கூண்டிலேயே தூக்குப்போட்டுக்கொள்கிறான். மறு வருஷம் ரோடன்பாக் இறந்தபின் அவருக்கு நினைவுச்சின்னம் வைக்க ப்ரூஜ் இடம் தரவில்லை. ஜார்ஜ் மின் செதுக்கிய சிலை 1903இல் கெண்டுக்குப் போயிற்று. ஜேப்ருகா துறைமுகம் 1907இல் திறக்கப்பட்டது. 2022இல் அது ஆண்ட்வெர்ப் துறைமுகத்தோடு இணைக்கப்பட்டதை மாக்ஸிமிலியன் ரசித்திருப்பான்.

ஆனாலும் ஜெயித்தது ரோடன்பாக். யூக் வியானின் வீடு இருந்த அதே ஜெபமாலைக் கரையில்தான் இன்று ஊரிலேயே அதிகமாகப் படம் எடுக்கிறார்கள். இடைக்காலச் சின்னம் என்று எல்லோரும் நின்று பார்க்கும் பொனிஃபாஸ் பாலம் 1910இல் கட்டியது. 2000த்தில் யுனெஸ்கோ நகரத்தின் மையத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் நகர நிர்வாகம், பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்காக விளம்பரம் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது.

பட்டியலைத் திருத்தியிருக்கிறேன். முதல் நாள் காலை டாம் வரை நடை, நெப்போலியன் காலத்தில் வெட்டத் தொடங்கிய கால்வாயின் கரையோடு. தண்ணீர் எங்கே நின்றது என்பதை நின்று பார்க்க வேண்டும். மத்தியானம் க்ரூனிங்கே மியூசியத்தில் ஒரே ஒரு படம்: வான் ஐக் 1436இல் முடித்த, பாதிரி வான் டெர் பாலேயின் மாதா படம். மாதாவுக்காகவல்ல, மண்டியிட்டிருக்கும் அந்தக் கிழவருக்காக. தளர்ந்த கன்னம், நெற்றிப்பொட்டில் புடைத்த நரம்பு, கையில் கழற்றிய மூக்குக்கண்ணாடி. பணம் கொடுத்தவரை இப்படிச் சலுகையில்லாமல் பார்க்க அன்றைய ப்ரூஜுக்குத் தைரியம் இருந்தது. பக்கத்தில் நிற்கும் புனித ஜார்ஜின் கவசத்தில் சின்னதாக ஒரு உருவம் பிரதிபலிக்கிறது; ஓவியரே என்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க நேரமாகும்.

மாதத்தையும் மாற்றிவிட்டேன். ஏப்ரல், படகு ஓடும், கூட்டமும் இருக்கும். ஜெபமாலைக் கரை இரண்டாம் நாள், ரயிலுக்கு முன்னால், நேரமிருந்தால்.