உயிரைக் குடித்த இரவுக் காட்சி

டெக்சஸ் மாநிலத்தவரான ஆர்மர் லாக்லியர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் விமானியானவர். பறக்கும் விமானத்தின் இறக்கையில் நடப்பார். ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார். ஹாலிவுட் சும்மா விடுமா? 'தி கிரேட் ஏர் ராபரி' படத்தில் அவரே கதாநாயகன் ஆனார்.

அடுத்த படம் 'தி ஸ்கைவேமேன்'. விமானம் சுழன்று விழும் இரவுக் காட்சியைப் பகலிலேயே எடுத்துச் சமாளிக்கத்தான் முதலில் திட்டமிட்டார்கள். இரவில்தான் பறப்பேன் என்று பிடிவாதம் பிடித்தவர் லாக்லியர். தரையிலிருந்து பாய்ச்சும் பெருவிளக்குகளின் ஒளி குறைந்ததும் விமானத்தை நிமிர்த்த வேண்டும் என்பது ஏற்பாடு.

1920 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சல்சில் விமானம் சுழன்று இறங்கியது. விளக்கொளி குறையவே இல்லை. கண் கூசி, தரை எது என்று தெரியாமல் போயிருக்கும். லாக்லியரும் உடன் பறந்த மில்டன் எலியட்டும் மாண்டனர். லாக்லியருக்கு வயது 28.

ஃபாக்ஸ் நிறுவனம் அடுத்த மாதமே படத்தை வெளியிட்டது, விமானம் விழுந்த அந்தக் காட்சியோடு. லாபத்தில் 10 விழுக்காடு இருவரின் குடும்பங்களுக்கு என்ற அறிவிப்பும் வந்தது.