நாகமரைத் துறையில் எழுதிய எல்லைகள்

தருமபுரி மாவட்டத்து ஏரியூரிலிருந்து நாகமரைக்குப் போகும் சாலை தண்ணீரில் போய் முடிகிறது. எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. நடுவில் பரந்து கிடப்பது மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். அணை நன்றாக வற்றிய ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடக்கும் நந்தி சிலையும், பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும்.

பரிசலில் கடக்கிற இந்தத் துறை இன்று ஒரே மாநிலத்தின் இரண்டு மாவட்டங்களை இணைக்கிறது. 1792 முதல் 1799 வரை இதுவே இரண்டு அரசுகளின் எல்லை.

மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் தன் நாட்டில் ஏறக்குறையப் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, தன் இரு மகன்களைப் பிணையாக அனுப்பினார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகாலும் சேலமும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கோயம்புத்தூர்ச் சீமை திப்புவிடமே இருந்தது. அதனால் காவிரியின் கிழக்குக் கரையில் கம்பெனி, மேற்குக் கரையில் மைசூர் என்றாயிற்று.

வென்றவர்கள் முழு நாட்டையும் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? மராத்தியரும் ஐதராபாத் நிஜாமும் அளவுக்கு மீறி வளராமலிருக்க நடுவில் ஒரு மைசூர் வேண்டும் என்று கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கருதினார். வெளியுறவுப் பாடநூல்கள் இதை அதிகாரச் சமநிலை என்கின்றன. பாரமகாலில் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக வரிவசூலைக் கவனித்த தாமஸ் மன்றோவுக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. திப்புவை விட்டுவைத்தது தவறு என்று கடிதங்களில் வாதிட்டார். ஏழே ஆண்டுகளில் மீண்டும் போர் வந்தது. 1799 மே மாதம் திப்பு வீழ்ந்தார். கோயம்புத்தூரும் கம்பெனிக்குப் போனது. ஒரு தரப்பை மண்டியிட வைத்து எழுதிய சமாதானத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

அதன்பின் மைசூரில் உடையார் வம்சம் ஆட்சிக்குத் திரும்பியது. ஆனால் படையும் வெளியுறவும் கம்பெனியின் பிடியில். அப்படி இறையாண்மை குறைந்த ஒரு சமஸ்தானமும் மெட்ராஸ் மாகாணமும் காவிரித் தண்ணீருக்காக மேசையில் உட்கார்ந்தபோது, இரண்டு நாடுகள் போலவே ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. 1892 பிப்ரவரி 18 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட ஆறுகளில் மைசூர் புதிய அணை கட்ட மெட்ராஸின் சம்மதம் வேண்டும். பழைய பாசன உரிமையைக் காப்பதற்காக மட்டுமே மெட்ராஸ் அதை மறுக்கலாம். இணங்காவிட்டால் நடுவர் தீர்ப்பு.

அந்த வழியும் சோதனைக்கு வந்தது. கிருஷ்ணராஜசாகர் அணைத் திட்டத்தை மைசூர் கொண்டுவர, 1913-இல் நீதிபதி கிரிஃபின் நடுவராக விசாரித்தார். 1914-இல் அவர் தந்த தீர்ப்பை மெட்ராஸ் ஏற்காமல் லண்டன் வரை முறையிட்டது. பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு 1924 பிப்ரவரி 18 அன்று புதிய ஒப்பந்தம் பிறந்தது. மைசூருக்குக் கிருஷ்ணராஜசாகர், மெட்ராசுக்கு மேட்டூர். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணைதான் நாகமரைத் துறையை இப்படி அகலமாக்கியது. ஒப்பந்தத்தின் விலையில் ஒரு பங்கைக் கட்டியவர்கள், தண்ணீருக்கடியில் ஊரைப் பறிகொடுத்துவிட்டு மேட்டுநிலம் தேடிப் போன காவிரிக்கரைக் குடிகள்.

1924 ஒப்பந்தத்தின் சில பிரிவுகளை 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று எழுதியிருந்தார்கள். 1974 வந்தது, புது உடன்பாடு வரவில்லை. 1990 ஜூனில் நடுவர் மன்றம் அமைய 16 ஆண்டு ஆனது. அதன் இறுதித் தீர்ப்பு 2007-இல். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2018 பிப்ரவரி 16-இல்.

அந்தத் தீர்ப்பு உலகச் சட்டத்தையும் துணைக்கு அழைத்தது. தன் எல்லைக்குள் ஓடும் ஆற்றில் எதையும் செய்யலாம் என்று 1895-இல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ஹார்மன் ரியோ கிராண்டே ஆற்றுக்காகச் சொன்ன வாதத்துக்கு இங்கே இடமில்லை. நியாயமான பங்கீடு என்ற 1966-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி விதிகளின் கோட்பாடே வழிகாட்டியது. காவிரி எந்த மாநிலத்துக்கும் தனிச்சொத்தல்ல என்பதும் உறுதியானது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கே அளந்த தண்ணீர்தான் ஒகேனக்கல்லில் விழுந்து, ஒட்டனூரைக் கடந்து, நாகமரைக்கு வருகிறது.

இந்தப் பங்கீட்டுக்கு நீதிமன்றம் குறித்த காலம் 15 ஆண்டு. அது 2033-இல் முடிகிறது. 1974-இல் செய்ததைப் போல இரண்டு மாநிலங்களும் கெடு தாண்டும்வரை காத்திருக்கக் கூடாது. பேச்சை இப்போதே தொடங்க வேண்டும். அந்த மேசையில் நாகமரை, ஒட்டனூர்க் கரைக்காரர்களுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.