சூனிய வழக்கும் ஒரு சட்டப் பேராசிரியரும்

ஜெர்மனி தேசத்து ஹல்லே நகரம் தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்கு அங்குச் சில காலம் பயின்றவர். தரங்கம்பாடி அச்சுக்கூடத்திற்குத் தமிழ் எழுத்துக்கள் அந்நகரில் வார்க்கப்பட்டே கப்பலேறின. ஆயின், அதே காலத்தில் அங்குச் சட்டம் போதித்த கிறிஸ்டியன் தோமாசியுஸ் என்பாரை நம்மவருள் அறிந்தார் மிகச் சிலரே.

அவர் 1655-இல் லைப்சிக் நகரில் பிறந்தார். கல்வி என்றாலே லத்தீன் என்றிருந்த நாளில், 1687-இல், தம் விரிவுரையை ஜெர்மன் மொழியில் நிகழ்த்தப் போவதாக அறிவித்தார். மறு ஆண்டே தாய்மொழியில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கி, வைதிகப் பண்டிதரைப் பரிகசித்தார். அவர்கள் சும்மா விடுவார்களா? 1690-இல் அவர் போதிக்கவும் எழுதவும் அங்குத் தடை பிறந்தது. பிராண்டன்பர்க் அதிபரின் ஆதரவால் ஹல்லே சேர்ந்தார். 1694-இல் அங்குச் சர்வகலாசாலை முறையாகத் திறக்கப்பட்டது. (1807-ஆம் ஆண்டுச் சாசனத்தால் நம் பினாங்கில் அமைந்த நீதிமன்றமும் ஆங்கிலத்தில்தான் பேசிற்று. ஆங்கிலமறியாத தமிழனுக்குத் தன் வழக்கே துபாஷி சொல்லித்தான் விளங்கும்.)

அக்காலத்து ஜெர்மன் நீதிபதிகள் சிக்கலான வழக்குகளின் கட்டுக்களைச் சட்டப் பேராசிரியர் சபைக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பர். 1694-இல் சூனியக்காரி என்று குற்றஞ் சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் கட்டு தோமாசியுஸிடம் வந்தது. அவர் கார்ப்ஸோவ் முதலிய பெரியோர் நூல்களைப் புரட்டினார். அவை காட்டிய வழியே, அவளை இலேசாகச் சித்திரவதை செய்து விசாரிக்கலாமென எழுதினார். உடனிருந்த பேராசிரியர்கள் அதை ஏற்கவில்லை. அவளை விடுவிக்க வேண்டுமென்றனர். தாய்மொழிக்காக ஊரையே துறந்த சீர்திருத்தக்காரர், ஒரு பேதைப் பெண்ணின் உயிர் விஷயத்தில் ஏட்டுக்கு அடிமையாய் நின்றார்! இதனை அவர் மறைத்தாரில்லை. பின்னாளில் தாமே எழுதி அச்சிட்டார். இதற்காகவே நாம் அவரைப் பெரிதும் மதிக்கிறோம்.

நாணம் ஆராய்ச்சியாயிற்று. 1701-இல் வெளிவந்த நூலில், பிசாசு இல்லையென்று அவர் சொல்லவில்லை. உடலில்லாத பிசாசு மனிதரோடு உடன்படிக்கை எழுதுவதெங்ஙனம் என்றே வினவினார். உடன்படிக்கையில்லையேல் குற்றமில்லை, குற்றமில்லையேல் வழக்கில்லை. பேயை மறுப்பதைவிட இஃது உறுதியான வாதமென்பது நம் கருத்து. பேய்க்கு அஞ்சும் நீதிபதியும் இதற்குத் தலையசைக்க வேண்டுமன்றோ? 1705-இல் அவர் தலைமையில் ஒரு மாணாக்கர், சித்திரவதையை நீதிமன்றங்களினின்று அறவே நீக்குக என்று வாதித்தார்.

1714-இல் பிரஷ்ய அரசர், சூனிய வழக்குகளில் மரண தண்டனை தம் ஒப்புதலின்றி நிறைவேறலாகாதெனக் கட்டளையிட்டார். 1728-இல் தோமாசியுஸ் ஹல்லேயில் காலமானார். பிரஷ்யாவில் சித்திரவதை 1740-இல் பெரும்பாலும் நிறுத்தப்பட்டு, 1754-இல் முற்றும் ஒழிந்தது.