ஏடுகளை ஆற்றில் விட்ட கதையும் நம் வீட்டு அலமாரியும்



மெர்சிங்கில் இது அடைமழைக் காலம். கடல் கொந்தளிப்பதால் தியோமான் தீவுக்கான படகுப் போக்குவரத்தும் குறைந்துவிடும். வீட்டில் அடைந்திருக்கும் இந்நாள்களில்தான் பொங்கலுக்கு முன் வீட்டை ஒழிக்கும் எண்ணம் எனக்கு எழும். பழைய பயிற்றுநூல்கள், தேர்வுத்தாள்கள், தந்தையார் விட்டுச்சென்ற தகரப்பெட்டி என ஒவ்வொன்றாக எடுப்பேன், பார்ப்பேன், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். ஏன் மனம் வருவதில்லை? இதற்கு விடை தேடியபோது நம் வரலாறே ஒரு பாடம் சொன்னது.

பனையோலை ஏடு என்றென்றும் நிலைப்பதன்று. சில நூற்றாண்டுகளில் செல்லரித்தும் ஒடிந்தும் அழிந்துவிடும். எனவே, நம் முன்னோர் பழுதுபட்ட ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுத்தனர். பிறகே பழையதை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டனர். முதலில் படித்தல், அடுத்துப் படியெடுத்தல், இறுதியில் கழித்தல் என்பதே அன்றைய ஒழுங்கு.

காலம் மாறியது. ஓலையில் எழுதும் பழக்கம் அருகியது. ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்தனர். படியெடுக்கும் வழக்கம் நின்றது. ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

இந்த நிலையில்தான் உ.வே.சாமிநாதையர் (1855–1942) ஊர் ஊராக ஏடு தேடிப் புறப்பட்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியர் தொகுத்த ஏடுகள் இருப்பதாக அறிந்து அங்குச் சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகவும், அதுவே ஆகம விதி என்றும் அங்கே அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் அடைந்த வேதனையை அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ காட்டுகிறது. தப்பிய ஏடுகளைக் கொண்டே 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்தார்.

ஏடுகளை எரித்தவர்கள் தமிழின் பகைவர்கள் அல்லர். வீட்டையும் கோயிலையும் தூய்மை செய்வதாகவே எண்ணினர். கழித்தது அவர்கள் குற்றமன்று. படித்துப் பாராமல் கழித்ததே குற்றம்.

இது தமிழகத்துக் கதை மட்டுமன்று. மலாயாவின் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவரின் உடைமையெல்லாம் பெரும்பாலும் ஒரு தகரப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும் குடிபெயர்ந்தபோதும் எத்தனையோ தாள்கள் தொலைந்தன. 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்ற நிலையில், தம் பிறப்பை மெய்ப்பிக்க ஒரு தாளும் இல்லாமல் தவித்தவர்கள் பலர். அக்காலகட்டத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்த முதியோரை நாமும் அறிவோம்.

அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதே அறிவுடைமையா? அதுவும் இல்லை. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் ஜொகூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது; நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினர். குவியலுக்குள் புதைந்த பிறப்புச் சான்றிதழை அவசரத்தில் எவரால் தேடி எடுக்க இயலும்? நாம் பிரித்து வைக்காத குவியலை வெள்ளமும் பிரித்துப் பார்க்காது.

எனக்கு மனம் வராமைக்கான காரணம் இப்போது புரிகிறது. காக்க வேண்டியது எதுவென்று தெரியாததால், எதையும் கழிக்க அஞ்சினேன். ஆகவே இவ்வாண்டு முன்னோரின் ஒழுங்கையே பின்பற்றினேன். நாளொன்றுக்கு ஒரு தட்டு மட்டும். ஒவ்வொரு தாளையும் படித்தேன். சான்றிதழ்களையும் பழைய நிழற்படங்களையும் மின்படியெடுத்து, மூலத்தை நீர்புகாத உறையிலிட்டு உயரத்தில் வைத்தேன். எஞ்சியவை மூன்று மூட்டை. பழைய தாள் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டேன். கை நடுங்கவில்லை.

தந்தையாரின் பெட்டியில் அவருடைய பள்ளிச் சான்றிதழ் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் அந்தப் பெட்டியைப் பாதுகாத்தும், அதை நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை.

பெற்றோர்களே, இப்பணியில் பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். பாட்டியின் படத்தில் இருப்பவர் யார், அது எந்தத் தோட்டம் என்று கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். அதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடத்தை வகுப்பறையில் என்னால் நடத்த இயலாது.