மூத்தோர் வாள்வீச்சு: ஒரு வயதுப் பிரிவு உருவான வரலாறு

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிற்கான ஹங்கேரி வாள்வீச்சு அணியைத் தேர்ந்தெடுத்த வேளையில் அலாதார் கெரெவிச்சுக்கு வயது 50. லாஸ் ஏஞ்சலிஸ், பெர்லின், லண்டன், ஹெல்சின்கி, மெல்போர்ன் என ஐந்து ஒலிம்பிக்குகளில், வாள்வீச்சின் மூன்று வாள்வகைகளுள் ஒன்றான சேபரின் குழுப் போட்டியில் தொடர்ந்து தங்கம் வென்ற அணிகளில் அவர் இருந்தார். இடையில் 1940, 1944 ஒலிம்பிக்குகளை உலகப் போர் விழுங்கியிருந்தது. வயதாகிவிட்டது என்று சொல்லித் தேர்வாளர்கள் அவரை ஒதுக்கப் பார்த்தார்கள். அணியிலுள்ள ஒவ்வொருவருடனும் தனித்தனியே மோதத் தயார் என்று அவர் சவால் விட்டார் என்றும், மோதி எல்லோரையும் வென்றார் என்றும் சொல்லப்படுகிறது. ரோமில் ஹங்கேரிக்கு மறுபடியும் தங்கம் கிடைத்தது. ஒரே போட்டியில் ஆறு ஒலிம்பிக் தங்கங்கள், முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே 28 ஆண்டுகள்.

இதை ஒரு தனிமனிதரின் சாதனையாகச் சொல்வதே வழக்கம். நான் இதை ஒரு காலத்தின் முடிவாகப் பார்க்கிறேன். வாள்வீச்சில் நாற்பதும் ஐம்பதும் இயல்பான வயதாக இருந்த காலம் ஒன்று உண்டு. அது முடிந்த பிறகுதான் மூத்தோருக்கென்று தனிப் போட்டி தேவைப்பட்டது. இன்று ஆண்டுதோறும் நடக்கும் மூத்தோர் உலகச் சாம்பியன்ஷிப், வயதானவர்களுக்கு இரக்கப்பட்டு யாரோ அளித்த சலுகை அன்று. இழந்த இடத்தை வேறு வடிவில் மீட்டெடுத்ததன் விளைவு அது.

முதலில் அந்தப் பழைய காலம். சர்வதேச வாள்வீச்சுக் கூட்டமைப்பு 1913இல் பாரிஸில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே ஒலிம்பிக்கில் வாள்வீச்சு இருந்தது. டென்மார்க்கின் ஐவன் ஓசியரும் இருந்தார். மருத்துவரான அவர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் களமிறங்கினார். 1912இல் எப்பே என்ற வாள்வகையில் வெள்ளி வென்றார். யூதரான அவர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தார். கடைசியாக 1948இல், அதே லண்டனில், 59 வயதில் போட்டியிட்டார். மொத்தம் ஏழு ஒலிம்பிக்குகள், நாற்பது ஆண்டுகள். அவருடைய மனைவி எல்லன் ஓசியர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்றாவது வாள்வகையான ஃபாயிலில் பெண்கள் பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது தங்கம் வென்றவர்.

ஓசியர் ஒரு விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1948 லண்டனில் பெண்கள் ஃபாயில் தங்கம் வென்ற ஹங்கேரியின் இலோனா எலெக்குக்கு அப்போது 41 வயது. நான்கு ஆண்டு கழித்து ஹெல்சின்கியில் 45 வயதில் வெள்ளி வென்றார். அதே ஹெல்சின்கியில் ஆண்கள் சேபர் தனிநபர் தங்கம் 40 வயது பால் கோவாச்சுக்குப் போனது. இத்தாலியின் எடோர்டோ மஞ்சியரோத்தி தம் கடைசி ஒலிம்பிக் தங்கத்தை 1960இல் எப்பே குழுப் போட்டியில் வென்றபோது அவருக்கும் 41. இன்றைய வயதுக் கணக்குப்படி இவர்கள் அனைவரும் மூத்தோர். அன்றோ இவர்களே உலகின் முதல் வரிசை.

எப்படி இது சாத்தியமாயிற்று? வாள்வீச்சின் அடிப்படை வேகம் மட்டுமன்று. எதிராளியின் தூரத்தை அளப்பது, பொய்யாக ஓர் அடி எடுத்து அவரை ஏமாற்றுவது, அவர் பாயும் கணத்தில் வாளைத் தடுத்துத் திருப்பித் தாக்குவது ஆகியவை ஆண்டுக்கணக்கில் படியும் அறிவு. இருபது வயதுக்காரரின் கால் வேகத்தை ஐம்பது வயதுக்காரரின் முன்னறிவு ஈடுகட்டிய காலம் அது.

அந்தச் சமநிலை குலைந்ததற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. மின்கருவி ஒரு காரணம். எப்பேயில் 1936 ஒலிம்பிக்கிலும் ஃபாயிலில் 1956 ஒலிம்பிக்கிலும் சேபரில் 1992 ஒலிம்பிக்கிலும் மின்னொளி நடுவரின் கண்ணுக்குத் துணையாக வந்தது. முன்பு நான்கு துணை நடுவர்கள் உற்றுப் பார்த்துச் சொன்ன தொடுதலை இப்போது விளக்கு சொன்னது. வாள்வீச்சின் நேர்த்தியை விட, யார் முதலில் தொட்டார் என்பது கூடுதல் எடை பெற்றது. ஆனால் எப்பேயில் மின்கருவி வந்த பிறகும் மஞ்சியரோத்தி போன்றவர்கள் பல ஆண்டுகள் வென்றிருக்கிறார்கள் என்பதால், கருவியை மட்டும் குற்றம் சொல்வது பொருந்தாது. அதைவிட வலுவான காரணம் பயிற்சி முறை மாறியது என்றே கருதுகிறேன். 1952இல் ஒலிம்பிக்குக்குள் வந்த சோவியத் ஒன்றியம், விளையாட்டை முழுநேர வேலையாக ஆக்கிய அமைப்போடு வந்தது. ரோமில் ஃபாயில் தனிநபர் தங்கம் வென்ற விக்டர் ஷ்டனோவிச்சுக்கு வயது 22. கெரெவிச்சும் ஷ்டனோவிச்சும் ஒரே ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது, இரண்டு யுகங்கள் ஒரே அரங்கில் சந்தித்ததற்குச் சமம். அதன் பிறகு மருத்துவமோ வேறு தொழிலோ பார்த்துக்கொண்டு மாலையில் கிளப்புக்கு வந்து பயிற்சி செய்பவர்களால் உலக மேடையில் நிலைப்பது அரிதாயிற்று.

விதிவிலக்குகள் இருந்தன. ஸ்வீடனின் கெர்ஸ்டின் பால்ம் 1964 முதல் 1988 வரை ஏழு ஒலிம்பிக்குகளில் ஆடினார். ஏழு ஒலிம்பிக் கண்ட முதல் பெண் அவரே. 1984இல் சீனாவுக்காக ஃபாயில் தங்கம் வென்ற லுவான் ஜுஜியே, பின்னர் கனடாவில் குடியேறி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 50 வயதில் கனடாவுக்காக ஆடினார். தாய்நாட்டை வாழ்த்தும் சீன எழுத்துப் பதாகையை அவர் அரங்கில் விரித்துக் காட்டினார். இவற்றை நாம் நினைவில் வைத்திருப்பதே இவை அரிதாகிவிட்டன என்பதற்குச் சான்று.

இதற்கிடையே மற்ற விளையாட்டுகள் முந்திக்கொண்டன. மூத்தோருக்கான உலகத் தடகளப் போட்டி 1975இல் டொராண்டோவில் தொடங்கியது. அதே நகரில் 1985இல் முதல் உலக மூத்தோர் விளையாட்டு விழா நடந்தது. மூத்தோர் நீச்சலுக்கு 1986இல் டோக்கியோவில் உலகச் சாம்பியன்ஷிப் வந்தது. வாள்வீச்சு தாமதித்தது. ஒரே கிளப்பில் பதினைந்து வயதுச் சிறுவனும் அறுபது வயதுப் பெரியவரும் எதிரெதிரே நிற்பது இதில் அன்றாடக் காட்சி என்பதால், தனிப் பிரிவின் தேவை உடனே உறைக்கவில்லை எனலாம்.

ஐரோப்பாவில் கிளப்புகளும் நாட்டுச் சங்கங்களும் நடத்திய மூத்தோர் போட்டிகள் படிப்படியாக வளர்ந்தன. 1990களின் பிற்பகுதியில், ரெனே ரோக் சர்வதேசக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த காலத்தில், மூத்தோர் உலகச் சாம்பியன்ஷிப் நிலைபெற்றது. அமெரிக்காவின் டாம்பா, ஆஸ்திரியாவின் கிரெம்ஸ், இங்கிலாந்தின் பாத், ஆஸ்திரேலியாவின் சிட்னி, பிரான்சின் லிமோஜ், குரோவேஷியாவின் போரெச், இத்தாலியின் லிவோர்னோ, எகிப்தின் கெய்ரோ என்று அது ஊர் ஊராகச் சென்றது. ஐரோப்பிய மூத்தோர் போட்டிகள் ஓராண்டு தனிநபருக்கும் மறு ஆண்டு குழுவுக்குமாக மாறி மாறி நடந்தன. கொரோனாவால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் உலகப் போட்டி நடக்கவில்லை. இருபது வயது வீரருக்கு இரண்டு ஆண்டு இழப்பு வருத்தம் தருவது. 74 வயதில் இருப்பவருக்கு அது திரும்பக் கிடைக்காமலே போகக்கூடியது. 2022இல் குரோவேஷியாவின் ஸாதரில் போட்டி மீண்டும் தொடங்கியது.

விதிகளில் என்ன மாற்றினார்கள் என்பதைவிட, என்ன மாற்றவில்லை என்பதே முக்கியம். லீக் சுற்றில் ஐந்து புள்ளி, மூன்று நிமிடம். அது எல்லோருக்கும் பொது. நாக் அவுட் சுற்றில் மட்டும் சலுகை. இளையோர் 15 புள்ளிக்கு, மூன்று நிமிடம் வீதம் மூன்று பகுதிகள் ஆடும்போது, மூத்தோர் 10 புள்ளிக்கு இரண்டு பகுதிகள் ஆடுகிறார்கள்; நடுவே ஒரு நிமிடம் ஓய்வு. களம் அதே 14 மீட்டர். எப்பே ஆட்டம் தொடங்குமுன் நடுவர் வாளைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லி, அழுத்தப்பட்ட முனையின் மீது 750 கிராம் எடைக்கல்லை வைப்பார். முனையிலுள்ள சுருள்கம்பி அதை மேலே தள்ள வேண்டும். இல்லையென்றால் அந்த வாள் செல்லாது. இருபது வயதுக்காரரின் வாளுக்கும் எழுபது வயதுக்காரரின் வாளுக்கும் ஒரே எடைக்கல்தான். பாதுகாப்பு உடையிலும் தளர்வில்லை. 1982இல் ரோம் உலகச் சாம்பியன்ஷிப்பில் உடைந்த வாள் முகமூடியைத் துளைத்து ஒலிம்பிக் சாம்பியன் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்த பிறகு, உடை, முகமூடி, வாள் எஃகு ஆகிய மூன்றின் தரமும் கடுமையாக்கப்பட்டது. மூத்தோர் போட்டிகள் பெருகிய காலம் அந்தச் சீர்திருத்தத்திற்குப் பிந்தையது. அறுபது வயதில் முகத்துக்கு நேரே வாள் வரும்போது அஞ்சாமல் நிற்க அந்தத் தரமும் உதவியிருக்க வேண்டும்.

உலகப் போட்டி நெடுங்காலம் 50 வயதில்தான் தொடங்கியது. 50 முதல் 59, 60 முதல் 69, 70க்கு மேல் என்று மூன்று படிகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முன்பே இருந்த 40 வயதுப் பிரிவு உலக அளவுக்கு அண்மையில்தான் வந்தது. பத்தாண்டுப் படிகளால் ஒரு விந்தை நிகழ்கிறது: 59இல் தன் பிரிவிலேயே மூத்தவராகத் திணறுபவர் 60 நிறைந்ததும் அடுத்த பிரிவின் இளையவர் ஆகிவிடுகிறார். பிறந்தநாளை இவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கும் முதியோர் கூட்டம் வேறெங்கும் எளிதில் அமையாது. ஆனால் 70க்கு மேல் கதவு திறந்தே கிடக்கிறது. 71 வயதுக்காரரும் 84 வயதுக்காரரும் ஒரே பிரிவில் மோதுவது நியாயமாகத் தோன்றவில்லை. அமெரிக்கத் தேசியப் போட்டிகளில் 80 வயதுப் பிரிவு ஏற்கனவே உண்டு. உலகப் போட்டியும் அதைப் பின்பற்றுவதே சரி.

இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது பெண்களின் பங்கு. எனக்கோ அதுவே முதன்மையானது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 1924 முதல் நெடுங்காலம் ஃபாயில் மட்டுமே இருந்தது. எப்பே உலகச் சாம்பியன்ஷிப்பில் 1989இலும் ஒலிம்பிக்கில் 1996இலும் வந்தது. சேபர் உலகச் சாம்பியன்ஷிப்பில் 1999இலும் ஒலிம்பிக்கில் 2004இலும்தான் வந்தது. 1950இல் பிறந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். எப்பே உலகப் போட்டி வந்தபோது அவருக்கு 39 வயது. சேபர் வந்தபோது 49. வெட்டும் வாளைப் பெண்கள் ஏந்தலாகாது என்ற எண்ணம் அவருடைய இளமை முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அவர் தன் நாட்டுக்காகச் சேபர் ஏந்தி உலக அரங்கில் நிற்க மூத்தோர் பிரிவு ஒன்றே வழி. ஆண்களுக்கு இப்பிரிவு பழைய இடத்தை மீட்டுக் கொடுத்தது. அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு, முதன்முறையாக ஓர் இடத்தைக் கொடுத்தது.

ஒவ்வொரு நாடும் ஒரு வயதுப் பிரிவில் ஒரு வாளுக்கு நான்கு பேரை மட்டுமே உலகப் போட்டிக்கு அனுப்ப முடியும். வாள்வீச்சு வேரூன்றிய நாடுகளில் அந்த நான்கு இடங்களுக்கே கடும் போட்டி. பிற நாடுகளுக்கு அந்த இடங்கள் திறந்தே இருக்கின்றன. ஆட ஆள் வேண்டும், ஆடியவர்கள் நாற்பதுக்குப் பிறகும் வாளைக் கீழே வைக்காதிருக்க வேண்டும்.

இந்தியாவில் வாள்வீச்சுச் சங்கம் தோன்றியது 1974இல். ஒலிம்பிக்கில் முதன்முதலாக இந்தியாவுக்காக வாள் ஏந்தியவர் சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், சேபர் பிரிவில். 1993இல் பிறந்த அவருக்கு 2033இல் நாற்பது நிறையும். அவரோடும் அவருக்கு முன்பும் பள்ளிகளிலும் மாவட்டப் போட்டிகளிலும் ஆடி, வேலை, குடும்பம் என்று ஒதுங்கியவர்கள் பலர் தமிழ்நாட்டில் இருப்பார்கள். அவர்களை அழைத்து வாரம் இரு மாலை பயிற்சி தர மாவட்டச் சங்கங்கள் முன்வர வேண்டும். மாநிலப் போட்டியில் 40 வயதுப் பிரிவு ஒன்றைச் சேர்ப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.